பேச்சியக்கா வேனுக்கு நான் வைத்த கக்கூஸ்

பேச்சியக்கா, கோவிச்சுக்காத. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாயே, அந்தக் கக்கூஸ் கதையை இன்று எழுதப் போகிறேன். மண்டையில் கொட்ட வேண்டுமென்றால் வந்து கொட்டு. அதற்காவது வா.

என் அக்கா பேச்சியம்மாள் ஜீப் டிரைவர். விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவாள். எங்கள் அம்மாவும் இருபது வருஷம் அப்படிப் போனவள்தான். (சொட்டுத் தண்ணி குடிக்காமல் ஜீப் ஏறுவாக. வழியில் ஒதுங்க இடம் இல்லை.) அதில் அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் வந்ததுதான் மிச்சம். அவளுக்குக் கடலைப் பார்க்க ஆசை. ஆனால், "ராமேசுவரம் வரைக்கும் எப்படிடி அடக்கிக்கிட்டு வாறது?" என்பாள்.

அதற்காகவே அக்கா ஒரு பழைய வேனை வாங்கினாள். உள்ளே கட்டில், அடுப்பு, மூலையில் தகர அடைப்புக்குள் கக்கூஸ். பெடலைக் காலால் மிதித்தால் பீங்கானுக்கு அடியில் மூடி திறக்கும். எல்லாம் வேனுக்குக் கீழே தொங்கும் டேங்கில் விழும். டேங்கோடு இணைக்கிற வேலை எனக்கு.

நான் எட்டாங்கிளாஸ் ஃபெயில். ஆனால் சொட்டுநீர்க் குழாய் பொருத்துவதில் கம்பம் பள்ளத்தாக்கிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை (என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). திராட்சைத் தோட்டமோ வாழைத் தோட்டமோ, குழாயில் ஓட்டையைப் பார்த்தால் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

"ஏலே, டேங்குல இருந்து கூரைக்கு ஒரு குழா ஏத்து. காத்து போகணும். போன்ல பாத்தேன்," என்றாள் அக்கா.

"நாத்தம் வரும்க்கா."

"வெளியதானடா வரும்? சொன்னதச் செய்யி."

செய்தேன். அவள் அந்தப் பக்கம் போனதும் கூரையில் ஏறி, அந்தக் குழாயின் வாயில் ஒரு மூடியைப் பசை தடவி அழுத்தினேன். நான் செய்த வேலையில் காற்றுகூடக் கசியக் கூடாதாம்!

வெள்ளோட்டம் போடிமெட்டுக்கு. மலையடிவாரத்தில் நிறுத்தியதும் முதலில் அம்மாதான் போனாள். வெளியே வந்தவள், "நம்ம வீட்டுத விட நல்லாருக்குடா!" என்று சொல்லி, பிறந்ததிலிருந்து பயணத்தில் குடிக்காத தண்ணீரையெல்லாம் சேர்த்துக் குடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியது. "இங்க பாருக்கா!" என்று சிரித்தேன். டேங்குக்குள் அடைபட்ட காற்றும் அதே மலையில்தான் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மேலே போய் நிறுத்தினோம். சுற்றிலும் படம் எடுக்க வந்த கூட்டம். அம்மா மறுபடியும் எழுந்தாள்.

"இரும்மா, ஊத்தத் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வாறேன்," என்று அக்கா உள்ளே போய் மிதித்தாள்.

டமார்! டயர் வெடித்ததென்று நான் சக்கரத்தைப் பார்த்தேன். பிறகு அக்காவின் அலறல். கதவைத் திறந்து நின்றவள் போட்டிருந்தது கிளிப்பச்சை சுடிதார். அதன் அப்போதைய நிறத்தை எழுத மாட்டேன்.

பக்கத்தில் நின்ற மலையாளி ஒருவர் பதறி, "எந்து பற்றி சேச்சி?" என்று, என்ன ஆச்சென விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல சேட்டா. எந்தம்பி இஞ்சினியரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கூரைக் குழாய என்னடா செஞ்ச?"

"மூடிட்டேங்க்கா. ஒழுகிருமேன்னு..."

"கூரைல இருந்து வானத்துக்காடா ஒழுகும்?"

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லையே என்று திறந்து பார்த்தால், ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா, "எல்லாரும் பாக்குறாகடி," என்று குடிதண்ணீரை எல்லாம் அவள் தலையில் ஊற்றினாள். "இனிமே வழியில ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டேன். எனக்குக் கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அதே கோலத்தில் கூரையில் ஏறி, மூடியைப் பிடுங்கி என் மேல் எறிந்தாள். உள்ளே போய் கழுவிவிட்டு மறுபடியும் மிதித்தாள். சத்தமே இல்லை.

"இப்பப் போம்மா. நான் வெளிய நிக்கிறேன்."

அம்மா போனாள். தை பிறந்ததும் ராமேசுவரம் என்று மலை இறங்கும்போதே முடிவானது.

மார்கழியில் அக்காவுக்குக் காய்ச்சல். ஐந்தே நாள், போய்விட்டாள்.

நான் அழவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அடுத்த வேலை எங்கே என்று தேடித் தேடி ஓடினேன். மூன்றாம் நாள் அம்மா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஏலே, கூரைக் குழாய மூடிட்டியாடா?" சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை.

சத்தியம் எனக்குத்தான், அம்மாவுக்கு இல்லையே. சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது யார் உம்மென்று இருந்தாலும், "குழாய மூடிட்டாகளோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்த மாதம் அம்மாவை ராமேசுவரம் கூட்டிப் போகிறேன். பெரிய தண்ணீர் பாட்டிலாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள். அந்த மூடி வேன் சாவியோடு தொங்குகிறது.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, பேச்சியம்மாள் என்று பேர் சொல்லி ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். அவளும் கடலைப் பார்த்ததில்லை.