மோதிரம் இருந்த இடத்துக்கு ஒரு பூச்சு

இனி மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். குளித்துவிட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தால், விரலில் கல்யாண மோதிரம் இல்லை. முடிவு அங்கேயே உயிரை விட்டது.

மோதிரத்தைவிட அது இருந்த இடம்தான் பயங்கரம். எட்டு வருஷம் வெயில் படாமல், வெளுத்துப்போன ஒரு வளையம். கையை வெளியே எடுத்தால் காட்டிக்கொடுக்கும். மூன்று நாள் இடது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். தூங்கும்போதுகூட.

என் மனைவி பொம்மைகளுக்கு முகம் தீட்டுகிறவள். வியாழக்கிழமை, மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"பாப்பா ஸ்கூல்ல அப்பா படம் வரையச் சொன்னாங்களாம். என் தோல் நிறம் எப்படிக் கலக்கிறது?"

"சிவப்பு, மஞ்சள், துளி நீலம். பழுப்பு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா வெள்ளை."

"கறுப்பு?"

"கறுப்பு விட்டா பொணம் மாதிரி ஆயிடும்."

எனக்கு ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

ஒரு கிண்ணத்தில், தடித்த பிரஷ்ஷால் என் மூக்குக்கு நேராகவே கலக்கினாள். "கையக் காட்டுங்க, ஒத்துப் பாக்கணும்."

வலது கையை நீட்டினேன்.

"இடது கைக்கு என்ன?"

"மரத்துப்போச்சு."

"மூணு நாளாவா?"

கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். பூசினேன். அடடா! வளையம் மாயம். கையை வீசிக்கொண்டு வெளியே வந்து, பேப்பர் விரித்துக் கால் மணி நேரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, மோதிரம் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

குனிந்து பார்த்தேன். வெள்ளை வளையம் போய்க் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வளையம்!

"வே... வேர்வை."

"கழட்டிக் குடுங்க, தேச்சுத் தரேன்."

"வராது. விரல் வீங்கியிருக்கு."

"அப்ப நகைக்கடையில வெட்டி எடுத்துடலாம். கிளம்புங்க."

பேப்பரைக் கீழே போட்டேன். "தொலைச்சிட்டேன்டி! மன்னிச்சிடு!"

"ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ரெண்டு மடங்கு கறுப்பு. அதச் சொல்ல மறந்துட்டேன். பாப்பாவுக்கு இந்த வாரம் பூரா லீவுங்கிறத நீங்க மறந்த மாதிரி."

தடித்த பிரஷ்ஷை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன் காம்பில், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல், என் மோதிரம்.

"சோப்பு டப்பாவுல கிடந்துச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து இதுலதான் மாட்டி வெச்சிருக்கேன். இத வெச்சுத்தான் உங்க முன்னாடி கலக்கினேன்."

நான் நிறத்தைத்தானே பார்த்தேன்! விரலைத் தேய்த்தேன். சோப்பு போட்டேன். எண்ணெய் போட்டேன். ம்ஹூம்.

"இது எப்போ போகும்?"

"லேசுல போகாது. பொம்மைக்குன்னே வர்ற பெயின்ட்டு," என்றாள். "சரியான ஆளுக்குத்தான் பூசியிருக்கு."