நட்சத்திரத்தைத் திருத்திய நகராட்சி

சாலை போடுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் எந்த நகராட்சியும் செய்கிற சில்லறை வேலைகள். வானத்து நட்சத்திரம் ஒன்றையே திருத்தி அமைத்த பெருமை, சிலி நாட்டின் வடபகுதியிலுள்ள எங்கள் சான் ஓனோஃப்ரே நகராட்சிக்கு மட்டுமே உண்டு. நகராட்சிச் செயலர் என்ற முறையில் அந்த மகத்தான தீர்மானத்தை எழுதியவன் நான்.

ஊருக்கு மேலே மலையில் நகராட்சியின் சிறிய வானாய்வகம் இருக்கிறது. அங்கே ஹிமேனா தபிலோ என்ற அம்மையார் பதினோரு ஆண்டுகளாக ஒரே நட்சத்திரத்தை அளந்துவந்தார். மேயர் ஹெராக்லியோ அதை 'ஊர் நட்சத்திரம்' என்று அறிவித்து, சதுக்கத்தில் கல்வெட்டு வைக்க முடிவுசெய்தார். வாசகத்தை ஹிமேனா மன்றத்தில் படித்தார்: "மங்கலான, ஆரஞ்சு நிற, ராட்சத நட்சத்திரம்."

"மங்கல்னு எதுக்குப் போடணும்? ஊருக்கு அசிங்கமில்ல?" என்றார் மேயர், இறைச்சி அடைத்த எம்பனாதா ரொட்டியைக் கடித்தபடி.

"நானூறு ஒளியாண்டு தள்ளி இருக்குங்க. கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்."

"ஆரஞ்சு எதிரணியோட கலராச்சே?"

"சூரியனைவிடச் சூடு கம்மி. அதான் அந்த நிறம்."

"ராட்சதன்னு போட்டது மட்டும் நல்லாருக்கு. எப்படி அவ்வளவு பெரிசாச்சு?"

"நடுவுல எரிபொருள் தீர்ந்துபோச்சுங்க. உள்ள சரக்கு தீர்ந்தா, வெளிய ஊதிப் பெருத்துக்கிட்டே போகும்."

மேயர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். நாங்கள் அதைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டோம்.

"யாரை மனசுல வச்சுப் பேசுறீங்க, சென்யோரா?"

"நட்சத்திரத்தைத்தான்."

"மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பதினோரு வருஷமா அளந்தது. கல்லுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

மன்றம் சுறுசுறுப்பாக இயங்கியது. நட்சத்திரம் இனி 'பிரகாசமானது, நீலமானது, உள்ளே நிறைவானது' என்று ஒரு தீர்மானம். ஹிமேனாவை 'மக்கள் சேவைக்கு மேலும் நெருக்கமாக' கல்லறைப் பதிவேட்டுக்கு மாற்றி இன்னொன்று. அவர் வானாய்வகச் சாவியை மேசையில் வைத்தார். யாரையும் திட்டவில்லை. என்னை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நட்சத்திரம் இன்னும் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கட்டுப்பட்டுவிட்டார்கள். நீலம் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

அந்த மன்றத்தில், ஹிமேனாவின் தொலைநோக்கி வழியே அந்த ஆரஞ்சைக் கண்ணால் கண்டிருந்தவன் நான் ஒருவன்தான். 'நீலம்' என்று பிழையில்லாமல் எழுதியவனும் நான்தான்.