இனாமாக வந்த பொயிலர்

எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் முதலில் 'ஓம்' என்று சொல்லிவிடுவேன். கேட்டது என்ன என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தாலிக்கு வந்தபின் அது இன்னும் முற்றிவிட்டது. இங்கே 'ஓம்' என்பதற்கு 'சீ' என்று சொல்ல வேண்டும். (முதல் நாள் அதைக் கேட்டபோது என்னைத்தான் சீ என்கிறார்கள் என்று முகம் வாடிப்போய் நின்றேன்.) இந்தப் பழக்கத்தால் தோட்டவேலை தெரியாமலே தோட்டக்காரன் ஆனேன். அதுகூடப் பரவாயில்லை. பலெர்மோவில் ஒரு நாலாம் மாடி வீட்டுக்குள் நிலக்கரிப் பொயிலர் பூட்டிய ஒரே மன்னார்க்காரன் என்ற பெயரும் அதனால்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பலெர்மோவின் சீசா என்ற பகுதியில், ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வேலை பக்கத்து ஊரான பகேரியாவில், வயதான ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் அம்மாவின், பெரிய வீட்டில். நாள்தோறும் ரயிலில் போய்வருவேன். அப்போதுதான் கோயிலில் பழக்கமான ஓர் அன்ரி ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மெற்றில்டா. எங்கள் ஊர்ப்பக்கம்தான், இப்போது அண்ணனோடு சுவிஸில் இருக்கிறாள் என்றார். படத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அண்ணன் தொலைபேசியில் வந்தார். பெயர் சவிரி. குரலே விறைப்பாக இருந்தது.

"தம்பி அன்ரன், உம்மைப் பற்றி எல்லாரும் நல்லாத்தான் சொல்லுகினம். நான் ஒண்டே ஒண்டு கேக்கிறன். வீட்டில ஹீற்றிங் இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"எல்லா அறைக்குமோ?"

"ஓம், எல்லா அறைக்கும்."

"அதுதான் முக்கியம். தங்கச்சிக்கு உந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. தை ஏழாந்தேதி நாங்கள் ரெண்டு பேரும் வாறம். வீட்டை நேர பாத்துத்தான் மிச்சம் கதைப்பம்."

ரிசீவரை வைத்தபிறகுதான் எனக்கு வியர்த்தது. பலெர்மோவில் பாதி வீடுகளில் ஹீற்றிங் கிடையாது. மார்கழி வந்தால் சனம் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும். என் வீட்டின் ஹீற்றிங் என்பது ஒரு தடித்த போர்வை. அதுவும் கால்பக்கம் கிழிந்தது. மறுபடி எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'ஓம்' என்று சொன்ன வாயால் 'இல்லை' என்று சொன்னால் அந்தப் படத்தை அன்ரி திரும்பக் கேட்பாரே!

ஒரு கிழமை நித்திரை இல்லை. அப்போது சிஞ்ஞோரா தன் வீட்டுக்குக் காஸ் ஹீற்றிங் பூட்டப்போவதாகச் சொல்லி, நிலவறையில் கிடந்த நிலக்கரிப் பொயிலரைக் காட்டி, "இதை இரும்புக்காரனுக்குக் கொடுக்கப் போகிறேன், உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் சரியான கேள்விக்குச் சரியான பதிலை நான் சொன்ன ஒரே நாள் அதுதான். "சீ, சிஞ்ஞோரா, சீ, சீ!" நெஞ்சு உயரம், தேர்ச்சில்லு மாதிரி ஒரு மூடி, முன்னால் ஒரு குட்டிக் கதவு. கரியை உள்ளே போட்டால் தண்ணீர் கொதித்து, குழாய் வழியே ஓடி, அறைகளில் இருக்கும் ரேடியேற்றர்களைச் சூடாக்கும். அதுவும் இனாம்! அன்று ரயிலில் என்னால் இருக்க முடியவில்லை. பகேரியாவிலிருந்து பலெர்மோ வரைக்கும் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த கன்னியாஸ்திரி எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

பூட்டுவதற்கு எங்கள் தெருவில் இருந்த மாஸ்த்ரோ நீனோவைப் பிடித்தேன். குழாய் வேலைக்காரர், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஆறு இலட்சம் லீரா. இலட்சம் என்றதும் பயப்பட வேண்டாம். என் மாதச் சம்பளமே ஒன்பது இலட்சம். (ஊருக்கு எழுதும்போது இலட்சத்தைப் பெரிதாகவும் லீராவைச் சிறிதாகவும் எழுதுவேன்.) கலியாணத்துக்கென்று முப்பது இலட்சம் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஆறு போனால் என்ன?

ஆனாலும் நான் ஏமாளி இல்லை என்று காட்ட வேண்டுமல்லவா? ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"புகைக்குழாயும் இதற்குள் அடக்கமா?"

"அ பார்த்தே," என்றார் நீனோ.

"ரேடியேற்றர்?"

"அ பார்த்தே."

"பொயிலரை மேலே தூக்குகிற கூலி?"

"அ பார்த்தே, அ பார்த்தே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் இத்தாலியர், எங்கள் ஆட்கள் சொல்வதைப்போலவே, 'பார்த்தே செய்கிறேன் தம்பி, நீ யோசிக்காதே' என்கிறாரே! இரண்டு மொழிக்கும் பழைய தொடர்பு இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினேன். அது 'தனியாக' என்ற சொல், அதாவது அதற்குக் காசு வேறு என்பது பிறகுதான் விளங்கியது. விளங்கும்போது பொயிலர் இரண்டாம் மாடியில் நின்றது.

அங்கே ஏன் நின்றது என்றால், படிக்கட்டில் அதைத் திருப்ப இடமில்லை. பகேரியாவிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்தபோதே பின்பாரம் தாங்காமல் முன்சில்லு நிலத்தைத் தொடமாட்டேன் என்றது. நானும் நீனோவும் முன்னால் பாரமாக ஏறிக் குந்திக்கொண்டு வந்தோம். தெருவில் போனவர்கள் கைதட்டினார்கள். பிறகு ஆறு பேர் தூக்கினோம். இரண்டாம் மாடி வளைவில் மாட்டுப்பட்டதும், அங்கே குடியிருந்த சிஞ்ஞோரா கொன்செத்தா தன் கதவை அகலத் திறந்து, "உள்ளே கொண்டுவந்து திருப்புங்கள்!" என்றார். அவருடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு பவனி. மாதா சொரூபத்துக்குக்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு தோள்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார். அவர் வீட்டுத் தரையில் பதித்த நான்கு ஓடுகள் உடைந்தன. (அவையும் அ பார்த்தே.)

யேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள், சந்தையில் பொறுக்கிய பழப்பெட்டிப் பலகைகளைப் போட்டு நீனோ முதன்முதலாக மூட்டினார். பத்து நிமிடத்தில் ரேடியேற்றர் இளஞ்சூடாகியது. பிறகு கை வைக்க முடியாத சூடு! கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரும் மேலே வந்து தொட்டுப் பார்த்தார்கள். கொன்செத்தா ஈரக் காலுறைகளைக் கொண்டுவந்து காயவைத்தார். நான் ரேடியேற்றரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெற்றில்டா எந்தப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாள் என்று யோசித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

கடைசிக் கணக்கு இருபத்தெட்டு இலட்சம். 'சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்' என்பார்கள். எனக்குச் சுண்டைக்காயே இனாம், சுமைகூலியில்தான் தாலியும் கூறையும் மண்டபமும் போயின. இருந்தாலும் கவலைப்படவில்லை. பெண் கிடைத்தால் காசு பிறகு வரும் என்று துணிந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது கரி மட்டும்தான். "பலகை இருபது நிமிடத்துக்குத்தான் காணும், நாள் முழுக்கச் சூடு வேண்டுமென்றால் கரி வேண்டும், நான் கொண்டுவருகிறேன்," என்ற நீனோ, ஆறாம் தேதி மூவிராசாக்கள் திருநாளுக்கு மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஏழாம் தேதி விடிந்துவிட்டது. பதினொன்றரைக்கு ரயில். கரி தேடித் தெருத்தெருவாக ஓடினேன். ஒரு மூலையில் ஒருவர் தன் திருநாள் கடையைப் பிரித்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகையில் பெரிய எழுத்தில் 'கார்போனே'. கரி! கண்ணாடித்தாள் பைகளில், சிவப்பு நாடா கட்டி, கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள். பணக்கார நாடு, கரியைக்கூடக் கட்டி அலங்கரித்துத்தான் விற்பார்கள் என்று நினைத்தேன்.

"எத்தனை வேண்டும்?"

"எல்லாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எத்தனை பிள்ளைகள்?"

"இன்னும் இல்லை. இன்றைக்குத்தான் பெண் வருகிறாள்."

அவர் என் தோளில் தட்டி, அரை விலைக்கு இரண்டு சாக்கு நிறையத் தந்தார். பாரம் குறைவாக இருந்தது. நல்ல கரி பாரமில்லாமல்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். பலகையை மூட்டி, ஒரு சாக்கை அப்படியே உள்ளே கொட்டி, கதவைச் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் பறந்தேன்.

படத்தைவிட நேரில் அவள் அழகு. அதற்குமேல் எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். சவிரி அண்ணை நீளக் கோட்டும் பளபளக்கும் சப்பாத்துமாக, சுகம்கூட விசாரிக்காமல் என் பின்னால் வந்தார். எங்கள் தெருவில் திரும்பியதும் மூக்கை உறிஞ்சினார்.

"ஆரோ தொதல் கிண்டுகினம் போல."

"இஞ்சை சனத்துக்கு இனிப்பெண்டால் உயிர் அண்ணை," என்றேன் பெருமையாக.

முதலாம் மாடியில் அந்த வாசம் கூடியது. இரண்டாம் மாடியில் தொதல் அடிப்பிடித்திருந்தது. மூன்றாம் மாடியில் கருகி, கண் எரிந்தது. நாலாம் மாடியில் என் கதவுக்குக் கீழாலே கறுப்பாக ஏதோ மெதுவாக வந்துகொண்டிருந்தது. கொன்செத்தா தரை கூட்டும் தும்புத்தடியோடு நின்றார்.

உள்ளே போனோம். பொயிலரின் குட்டிக் கதவிடுக்கால் பாகு வழிந்து அறை முழுக்கப் பரவியிருந்தது. நெருப்பு அணைந்துவிட்டது. சவிரி அண்ணை பாகை மிதித்துக்கொண்டு நடந்துபோய் ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"தம்பி," என்றார், "எல்லா அறையும் இப்பிடித்தானோ?"

அதற்குள் கொன்செத்தா வெறும் பையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்: "இதையா போட்டாய்? இது பெஃபானாக் கிழவியின் கரி! குழப்படிப் பிள்ளைகளுக்குத் திருநாளுக்குக் கொடுக்கிறது. சீனியடா, வெறும் சீனி!"

"என்னவாம் சொல்லுறா?" என்றார் சவிரி அண்ணை. அவருக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு உயிர் வந்தது.

"கரி கொஞ்சம் ஈரமாம் அண்ணை. மற்றபடி ஹீற்றிங் திறமாம்."

"அண்ணா, அவ அப்பிடிச் சொல்லேல்லை," என்றாள் மெற்றில்டா. அன்று அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சுவிஸில் அவள் வேலை செய்த, உடுப்புத் தோய்க்கும் லோன்றியில் பாதிப்பேர் இத்தாலியர்களாம். அதை எனக்கு யாருமே சொல்லவில்லை! கொன்செத்தா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹீற்றிங் இல்லாததை, தொலைபேசியில் சொன்ன பொய்யை, மூன்று கிழமையாகப் பட்ட பாட்டை.

"உதுக்கு எவ்வளவு முடிஞ்சது?"

"இருபத்தெட்டு இலட்சம்."

"கலியாணத்துக்கு எவ்வளவு வச்சிருக்கிறீர்?"

"முப்பது வச்சிருந்தனான் அண்ணை. அதுக்குள்ளதான் இதுவும்."

அவர் முகம் சிவந்தது. "தங்கச்சி, வா போவம். இவன் பொய்யன் மட்டுமில்லை, விசரன், முழுப் பைத்தியம்!" என்று திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தார். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. பாகு ஆறி இறுகிவிட்டது. மற்றக் காலை ஊன்றி இழுத்தார், அந்தச் சப்பாத்தும் நின்றுவிட்டது. நீளக் கோட்டும் காலுறையுமாக என் அறை நடுவில் அந்த மனிதர் தள்ளாடியதைப் பார்த்து, மெற்றில்டா சுவரில் சாய்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். கொன்செத்தா சிரித்தார். எனக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது.

அண்ணை என்னைத் தோளில் பிடித்தார். அடிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் விழாமல் இருக்கப் பிடித்திருக்கிறார். சப்பாத்தைக் கழற்ற ஆறு கேத்தில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அது இளகும்வரை அவரால் எங்கும் போக முடியாதே! கொன்செத்தா தன் வீட்டில் எல்லோரையும் இருத்திப் பாஸ்தா போட்டார். இரண்டாம் கோப்பை வைனோடு சவிரி அண்ணை "நாள் ஒண்டு பாப்பம்" என்றார்.

பாஸ்கா, அதாவது உயிர்த்த ஞாயிறு, முடிந்தபிறகு கலியாணம். கேக்குக்குக் காசில்லை. மிச்சம் ஒரு சாக்குச் சீனிக்கரி இருந்தது. கொன்செத்தாவும் மெற்றில்டாவும் இருந்து வெள்ளை வலைத்துணியில் கட்டினார்கள். வந்த சனத்துக்கு ஆளுக்கொரு கரிக்கட்டி கொடுத்து அனுப்பினோம். 'கரிக்கலியாணம்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. இன்றைக்கும் பலெர்மோவில் புதிதாக யாருக்காவது எங்களை அறிமுகப்படுத்துபவர்கள், பெயரைச் சொல்வதற்குமுன் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைச் சிசிலியன் ராகத்தில் நடித்தே காட்டுவார்கள். சப்பாத்துக் கட்டத்தை மைத்துனர் தானே எழும்பி நின்று செய்வார், வேறு யாரையும் செய்ய விடமாட்டார்.

பொயிலரை நாங்கள் பிறகு மூட்டவே இல்லை. வீடு மாறும்போது அதைக் கீழே இறக்க என்ன கூலி என்று விசாரித்தேன். தொகையைக் கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவந்தோம்.

போன வருடம் ஒருநாள் மெற்றில்டாவிடம் கேட்டேன். "அண்டைக்கு எல்லாம் தெரிஞ்ச பிறகும் நீர் ஏன் என்னைக் கட்டினனீர்?"

அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பொய் சொல்லுற ஆம்பிளையள் கனபேரை நான் கண்டனான். சொன்ன பொய்யை மெய்யாக்கவெண்டு கையில இருந்த காசு முழுக்கக் கொண்டுபோய் இரும்பில கொட்டின விசரனை அதுக்கு முன்னம் காணேல்லை."