ஒளித்துடிப்பும் ஒரு சிரமதானமும்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சில்லைக் கண்டது. அதற்கப்புறம் சொல்லும்படியாக நடந்தது, கண்டி ஹந்தானைச் சரிவில் 'மலைநாட்டு அதியுயர் ஒளியியல் நிலையம்' திறக்கப்பட்டதுதான். இடையில் நடந்தவையெல்லாம் ஆயத்தக் கூட்டங்கள்.

அங்கே சிந்துஜாவுக்குத் தற்காலிக வேலை. மடுல்கெல்லையிலிருந்து பஸ் மாறி வருபவள். லேசர் ஒளியை நறுக்குவது அவள் தொழில். கண் சிமிட்டும் நேரத்தை லட்சம் கோடிக் கூறு போட்டால் வருகிற துண்டு அளவுக்குக் குட்டிக் குட்டி ஒளித்துடிப்புகள். நறுக்கும் கத்தியோ, பென்சிலுக்குள் இருக்கிற அதே நம்மூர்க் காரீயத்திலிருந்து உரித்த கிராபீன். சில அணு அடுக்குத் தடிப்பே உள்ள ஏடு. மயிர் போன்ற ஒளியிழையின் நுனியில் அதை ஒட்டியிருந்தாள்.

அமைச்சின் மேலதிகச் செயலாளர் பார்வையிட வருகிறார். துடிப்பைக் கண்டால் சிந்துஜாவின் வேலை நிரந்தரம். காணாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு.

"உது என்னெண்டு பிள்ளை வேலை செய்யுது?" என்று பணிப்பாளர் கலாநிதி இளங்கோ முதல்நாளே கேட்டு வைத்துக்கொண்டார்.

"பலமில்லாத வெளிச்சம் வந்தா விழுங்கிரும் சேர். பலமான வெளிச்சம் வந்தா வழி விட்டுரும். கடைசியில பலமானது மட்டும் சுத்திச் சுத்தி வந்து துடிப்பாகுது."

"அட, எங்கட கந்தோர் மாதிரி!"

"ஆமாங்க சேர். அச்சு அசலா அப்படியேதான்."

பணிப்பாளர் பூரித்தார். விஞ்ஞானம் கடைசியில் அலுவலக நிர்வாகத்தைப் பின்பற்றத் தொடங்கிவிட்டதே!

பெரியவர்கள் வருமுன் சிரமதானம் என்று எல்லோரும் கூடிக் கூட்டித் துடைப்பது அரச மரபு. பூச்சாடிகள் இரவல் வந்தன. பணிப்பாளரே சட்டைக் கையை மடித்துவிட்டு, படம் பிடிப்பவர் பின்தொடர, ஆய்வுகூடத்துக்குள் புகுந்தார். சிந்துஜா ஒளியிழை நுனியைக் கழற்றி, திரை பூட்டிய நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டு, வரவேற்பு வெற்றிலை அடுக்கப் போயிருந்தாள். அதுவும் 'ஆய்வுப் பணி'யில் அடங்கும்.

திரும்பி வந்தபோது உதவியாளர் ரபீகா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சிந்துஜா, நான் வேணாம் வேணாம்டு சொன்னேன். சேர் கேக்கவே இல்ல."

உள்ளே, ஸ்பிரிட் நனைத்த துணியும் கையுமாகப் பணிப்பாளர்.

"திரையில பாத்தனீரோ பிள்ளை? அவ்வளவு பெரிய கறுப்பு ஊத்தை! துடைச்சுப் போட்டன். இப்ப பளிங்கு!"

"சேர்... அந்த ஊத்தைதான் சேர் கிராபீன்."

"அப்பிடியே?" துணியை விரித்துப் பார்த்தார். "இஞ்ச கிடக்குதுதானே. எடுத்துத் திருப்பி ஒட்டும்."

"அது ஆகாதுங்க சேர். புதுசா ஒட்டணும். அரை நாளாவது வேணும்."

"செயலாளர் வாசலில நிக்கிறா!"

சிந்துஜா வெறும் நுனியையே திரும்பப் பூட்டி லேசரை ஓடவிட்டாள். மேலதிகச் செயலாளர் சஞ்சீவனி வெற்றிலை வாங்கி, விளக்கேற்றி, லேசரின் அளவீட்டுத் திரைமுன் வந்து நின்றார். திரையில் ஆடாமல் அசையாமல் ஒரு நேர்கோடு.

"இதுதானா துடிப்பு?"

பணிப்பாளருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நிரந்தரம். சிந்துஜா முன்னே வந்தாள்.

"இல்லீங்க மேடம். இது தொடர்ந்து வர்ற வெறும் வெளிச்சம். துடிப்பு வந்தா சீப்புப் பல்லு மாதிரித் தெரியும். காலையில துடைச்சதுல கிராபீன் போயிருச்சு. பின்னேரம் வரைக்கும் இருந்தீங்கன்னா காட்டிருவேன்."

"கோடு நல்ல நேராத்தானே இருக்கு. கொழும்பில நான் பாக்கிற கோடெல்லாம் கீழ போகுது. இத ஏன் பல்லுப் பல்லாக் கெடுக்கணும்?" செயலாளர் நிலத்தைப் பார்த்தார். "ஆனா என்ன சுத்தம்! யார் துடைச்சது?"

இருமல் சட்டென்று நின்றது.

"நான்தான் மேடம். என்ர கையால."

செயலாளர் போய்விட்டார். சிந்துஜா சாப்பிடாமல் இருந்து புது ஏடு ஒட்டினாள். பின்னேரம் திரையில் பல்வரிசை எழும்பியது. "வந்துட்டு! வந்துட்டுடீ!" என்று ரபீகா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பணிப்பாளர் பூட்டும் திறப்புமாக வந்தார்.

"சேர், துடிப்பு வந்திருச்சு! மேடத்துக்கு ஒரு கோல் எடுங்க சேர்!"

"கெதியா நிப்பாட்டும். 'நாட்டின் அதிசுத்த ஆய்வுகூடம்' எண்டு மேடம் எங்களுக்கு விருது அறிவிச்சிட்டாவெல்லோ! இனி ஒருத்தரும் உள்ள போகேலாது. கறுப்பு ஒட்டுற வேலை அறவே இல்லை."

"அப்ப நான் எங்கங்க சேர் வேலை செய்யிறது?"

"வேலையே இல்லாத இடத்தில ஆள் என்னத்துக்குப் பிள்ளை?"

மாதக் கடைசியில் சிந்துஜா வீட்டுக்குப் போனாள். விருது கண்ணாடிச் சட்டத்துக்குள் வந்தது. அந்த விருதுக்கு நிலையம் முழுத் தகுதி உடையது என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். அங்கே துடைத்தெறிய இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தனி அறையும் வாகனமும் சாரதியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.