ஜப்பான் கேப்டனும் பாவாடை நாடாவும்

எங்கள் தீவில், ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒரு வாரமாக எலுமிச்சம்பழம் இல்லை. இருந்ததையெல்லாம் ஒரு ஜப்பான் கேப்டன் வெட்டித் தள்ளிவிட்டார். யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தார்களே, அப்போது செத்து இருபது வருஷம் ஆன கேப்டன். இத்தனை நாளும் சும்மா கிடந்த அவருடைய ஆவி, போன கப்பலில் மதராஸிலிருந்து பன்னீர்செல்வம் என்பவர் வந்து இறங்கியதும் சுறுசுறுப்பாகிவிட்டது. பன்னீர்செல்வத்தின் கனவில் வந்து, கடற்கரைப் பதுங்குகுழியில் தன் வாள் இருப்பதாகச் சொன்னதாம். அதுவும் சுத்தத் தமிழில்!

மறுநாளே குழியிலிருந்து ஒரு வாளோடு வந்த பன்னீர்செல்வம் ஜப்பான் சாமி ஆனார். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் அவர் வாசலில் வரிசை கட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தால் இடித்துக்கொள்கிறவர்கள் இங்கே தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஏமாறுவதில் மட்டும் நமக்குள் சண்டையே வருவதில்லை.

சாமி வாளை உருவுவார். பழத்தை வெட்டுவார். வெட்டிய இடத்தில் சிவப்பாக வடியும்.

"தேக்கோ, நல்லாப் பாருங்க, ரத்தம்! அசலி ஜப்பான் வாளுக்கு இதான் அடையாளம். நக்லி, போலியா இருந்தா வெறும் சாறுதான் வரும்!"

கூட்டம் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வது நம் வழக்கம். சாமிகளுக்கு அது ரொம்ப வசதி. எல்லோருக்கும் முன்னால் நின்று, எல்லோரையும்விடப் பலமாகப் போட்டுக்கொண்டவர் லாரி டிரைவர் ராஜமாணிக்கம். கேப்டனுக்குத் தினம் ஒரு கோழி படையல். ஆவிக்கு ஏது வயிறு? பாவம், சாமியே சிரமப்பட்டுச் சாப்பிட்டார்.

வாள் இருக்கும் வீட்டில் நினைத்தது நடக்குமாம். சர்க்கார் ஸ்டோரில் பியூனாக இருந்த கண்ணையாவுக்கு நினைப்பு ஒன்றே ஒன்றுதான், கிளார்க் ஆகவேண்டும். வாளைத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார் சாமி. சாமி காசைத் தொடமாட்டார். தையல் மிஷினைத் தொடுவார். கேப்டன் சக்கரம் சுற்றுகிற பொருளாகத்தான் கேட்கிறாராம்.

அந்த மிஷின் கண்ணையாவுடையது அல்ல, மனைவி மரகதத்துடையது. தெருவுக்கே ரவிக்கையும் பாவாடையும் அதில்தான் தைத்தாள். கண்ணையாவின் சம்பளத்தில் அரை மாதம் ஓடும். மீதி அரை மாதம் அடுப்பு எரிவது அந்த மிஷின் ஓடுவதால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கண்ணையா மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். குழாயடியிலிருந்து திரும்பியவள் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கி வைக்கக்கூட இல்லை, இடுப்பில் குடத்தோடு சாமி வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க, யாரைக் கேட்டு என் மிஷினைத் தூக்கினீங்க?"

"கத்தாதே மரகதம், எல்லாரும் பாக்கிறாங்க. வாளு அசலி. ரத்தம் வந்ததை என் கண்ணால பாத்தேன்."

"ஒரு கெஜம் துணி வாங்கினாக்கூட வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கிறோம், நனைச்சுச் சாயம் போகுதான்னு பாக்கிறோம். என் மிஷினைக் குடுத்து வாங்குற வாளை நனைச்சுப் பாக்க வேணாமா?"

சாமி பதறினார். "பொம்பளை தொட்டா கேப்டனுக்குக் கோபம் வரும், தாயி!"

"வரட்டும். எனக்கு ஏற்கெனவே வந்தாச்சு."

இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துண்டுத்துணியைக் குடத்தில் நனைத்து வாளைத் துடைத்தாள். துணியில் ஊதாக் கறை ஒட்டியது. சாமியின் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கிள்ளி அதன்மேல் பிழிந்தாள். கறை சிவந்தது.

"பாருங்க, என் துணிக்கும் ரத்தம் வருது! வாளுல தடவினது செம்பருத்திப் பூச்சாறு, புளிப்பு பட்டாச் சிவக்கும். சாமி வீட்டுச் செம்பருத்தி ஏன் மொட்டையா நிக்குதுன்னு இப்பத் தெரியுதா?"

மிச்சத் தண்ணீரை வாள்மேல் கொட்டிக் கழுவி, புருஷன் கையில் கொடுத்தாள். "இப்ப வெட்டுங்க." கண்ணையா வெட்டினார். சாறு வந்தது. வெறும் சாறு, புளித்த சாறு.

சாமி சளைக்கவில்லை. "தண்ணி பட்டதும் கேப்டன் கிளம்பிட்டார்! வாளு அசலிதான். பிடியைப் பாருங்க, ஜப்பான் ராஜா அரண்மனைப் பட்டுக் கயிறு!"

கூட்டம் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தது. கிளிப்பச்சைக் கயிறு. மரகதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி! இது பாவாடை நாடா! இந்தத் தீவுக்கு வெள்ளை நாடா தவிர வேற எப்ப வந்திருக்கு? போன கப்பல்லதான் மொத்தமும் கிளிப்பச்சையா வந்துச்சு. இங்க நிக்கிற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் நான்தான் கோத்துக் குடுத்தேன். சாமி, நீங்களும் இந்த நாடாவும் ஒரே கப்பல்லதானே இறங்கினீங்க? கேப்டனுக்கு இருபது வருஷம் முன்னாடி இது எப்படிக் கிடைச்சுது?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மரகதம் நாடாவை உருவினாள். உள்ளே துரு இல்லை, நேற்று அரம் போட்டது போலப் பளபளத்தது. நடுவில் ஒரு போல்ட் ஓட்டை. எட்டிப் பார்த்த ராஜமாணிக்கம் அலறினார்.

"அரே! இது என் லாரி ஸ்பிரிங் பிளேட்டுய்யா! ஒடஞ்சுதுன்னு ஒர்க்‌ஷாப் பின்னாடி நானேதான் தூக்கிப் போட்டேன்!" பத்து நாளாகத் தன் லாரியையே கும்பிட்டிருக்கிறார் மனிதர். கன்னம் வேறு வீங்கியிருந்தது.

சாமி மெல்ல நழுவப் பார்த்தார். நழுவி எங்கே போவது? சுற்றிலும் கடல், அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமைதான். மரகதம் மிஷினைக் காட்டினாள். ஜப்பான் சாமி அதைத் தலையில் சுமந்துகொண்டு தெரு முழுக்க நடந்து, அவள் வீட்டில் இறக்கி வைத்தார்.

"அப்ப என் கிளார்க் வேலை?" என்று முனகினார் கண்ணையா.

"நாலு வருஷமா எழுதாம இருக்கீங்களே டிபார்ட்மென்ட் பரீட்சை, அதை எழுதுங்க."

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை மரகதம் கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். கையில் குங்குமம், பூமாலை. ஜப்பான் ஆவியையே விரட்டிய மிஷினாம், தரிசனம் பண்ண வந்தார்களாம். முன்வரிசையில் யார்? நம் ராஜமாணிக்கம்தான்.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மிஷினுக்குப் பொட்டு வேணாம். உங்க நெத்திப் பொட்டுக்குப் பின்னால ஒரு மிஷின் இருக்குல்ல, அதைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. வாங்கினதுலேர்ந்து உறை பிரிக்காமலே வெச்சிருக்கீங்க!"