ஒத்தை ஷூவும் சனிக்கிழமை வகுப்பும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி உண்டோ அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒத்தை ஷூவை மிஞ்சிய மறதிக்காரன் கிடைக்கமாட்டான். பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் பர்சனல் மேனேஜர்; அவன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ட்ரெய்னி. ஒரு காலில் ஷூவும் மறுகாலில் ரப்பர் செருப்புமாக ஷிப்டுக்கு வந்த அன்று அந்தப் பெயர் விழுந்தது.

"இன்னாடா, அந்தக் கால் இன்னிக்கு லீவா?" என்றார் மண்ணூர்க்கார சூப்பர்வைசர்.

"ரெண்டுலயும் போட்ட மாதிரிதாண்ணே இருந்துச்சு."

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு அப்பாவை அழைத்துவரப் போனவன், டீ குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினான். பெர்மனென்ட் ஆனபிறகுதான் ஊருக்கு வருவேன் என்று இரண்டு பொங்கலை வாடகை அறையிலேயே கழித்தவன். அந்தச் சபதத்தை மட்டும் மறக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த மனநல ஆலோசகர் அம்மாள் அவனைச் சோதித்துவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார். மனம் ஓரிடத்தில் நிற்காத இந்தக் குறை பெரியவர்களுக்கும் உண்டாம். அவனைப் போன்ற சிலரைச் சேர்த்துச் சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு நடத்தினார். செய்வதை வாய்விட்டுச் சொல்லவேண்டும், ஒருவருக்கொருவர் நினைவூட்டவேண்டும், வாரம் ஒரு தவறைக் கூசாமல் சொல்லவேண்டும். அறையில் பேசியது அறையைத் தாண்டக்கூடாது. கம்பெனி சார்பில் நானும் உட்கார்ந்தேன்.

ஒத்தை ஷூ பயிற்சியை விழுந்து விழுந்து செய்தான். "கதவைப் பூட்டுறேன், சாவியப் பைல போடுறேன்" என்று அவன் சொல்லச் சொல்ல, வாசலில் காத்திருந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் கோரஸ் பாடினார்கள். தாமதம் நின்றது. இரண்டு காலிலும் ஷூ வந்தது.

ஒரு சனிக்கிழமை தன் தவறைச் சொன்னான். "ஒரு ட்ரே பார்ட்ஸை செக் பண்ணாமயே விட்டுட்டேன். ரூம்ல சோத்தப் பெசையுறப்பதான் நெனப்பு வந்துச்சு. ஓடியாந்தேன். கைலியோட உள்ள விடமாட்டேன்னுட்டாரு வாட்ச்மேன். அவரு பேன்ட்டக் கேட்டேன்."

"குத்தாரா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"குடுத்தாரு. என் கைலியக் கட்டிக்கிட்டு கேட்ல நின்னாரு. நான் ட்ரேயப் பூராம் பாத்து முடிச்சு வந்தப்புறந்தான் மாத்திக்கிட்டோம்."

அறையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்த வாரமே, பெர்மனென்ட் பட்டியலில் ஒருவரைக் கழிக்கச் சொன்னார் ஆலைத் தலைவர். "இந்தப் பையன் எப்படி?" என்றார். "பார்ட்ஸைப் பார்க்காமல் விட்டதாக அவனே சொன்னான்" என்றேன். திரும்பி ஓடிவந்து சரிபார்த்ததைச் சொல்லவில்லை. அவர் அவசரத்தில் இருந்தார். எனக்கும் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. வேறு காரணம் எதுவுமில்லை.

பட்டியலில் பெயர் இல்லாததால் வேலை போனபின் வந்த சனிக்கிழமை கேட்டில் நின்றான். நான்தான் சொன்னேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"கிளாஸுக்கு மட்டும் வரலாமா சார்? அங்கதான் சார் ஒழுங்கா இருக்கேன்."

வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றேன்.

உள்ளே யாரும் தவறு எதையும் சொல்லவில்லை. "எல்லாம் கரெக்டா போவுது மேடம்" என்றார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. சில வாரங்களில் வகுப்பும் நின்றுபோனது.

எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளைப் போட்டு வைப்பது ஒத்தை ஷூவின் வழக்கம். அவன் போனபின் அதை நான் செய்தேன். கடைசிச் சனிக்கிழமை வரை அவனுக்கும் ஒன்று போட்டேன்.