ஸ்ட்ராபெரிக்கு ரகம் பார்க்கிறவர்

உலகத்தில் ஸ்ட்ராபெரி வளர்ப்பவர்கள் உண்டு, தின்பவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், ரகம் பார்த்துக்கொண்டே இருப்பவர் என்று ஒரு பிறவியும் உண்டு. ஸ்வீடனின் தெற்குக் கோடியில், எங்கள் ஸ்கோனே பக்கம் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். எங்கள் தெருவின் பங்குக்கு, அடுத்த வீட்டு ஃபோல்கே.

ஜனவரியில் நாற்றுப்பண்ணையின் பட்டியல் தபாலில் வந்து விழவேண்டியதுதான் தாமதம், மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மூன்று நிறப் பென்சிலைச் சீவி, ‘ஸெஃபீர்’ சீக்கிரம் பழுக்கும் ஆனால் ருசி சுமார், ‘கொரோனா’ தேனாய் இனிக்கும் ஆனால் தொட்டால் நசுங்கும், ‘போல்கா’ வாசம் தூக்கும் ஆனால் ஜூன் மாத நடுக்கோடைத் திருநாளுக்குள் பழுக்காது என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் எழுதி, நடவுக் காலமான ஆகஸ்ட் தாண்டும்வரை ஓட்டிவிடுவார். அப்புறம்? அப்புறமென்ன, அடுத்த ஜனவரி. ஐந்து வருஷமாகப் பாத்தி மட்டும் கொத்தி, எரு போட்டு, தலை வாரினாற்போல் கிடக்கிறது. காலியாக!

நாம் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் மனைவி சோல்வெய்யால் முடியுமா? நடுக்கோடைத் திருநாளில் ஸ்ட்ராபெரி கேக் வைக்காத வீடு இங்கே வீடே இல்லை. அதிலும் கொல்லைப் பழமாக இருந்தால்தான் மதிப்பு. வருஷா வருஷம் அக்கா மெர்த்தா வருவாள், ஒரு துண்டை வாயில் போடுவாள், “ஏண்டி, இந்தத் தடவையும் கடையில வாங்கின பெல்ஜியத்துப் பழந்தானா?” என்பாள். அந்த ஒரு கேள்வியில் சோல்வெய்க்கு உயிரே போய்விடும். “ஒரே ஒரு தடவை என் மண்ணுல விளைஞ்சதை அவ முன்னாடி வைக்கணும்” என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

போன ஆகஸ்டில், என் செடிகள் கொடி ஓட்டி வேர்விட்ட கன்றுகளை ஒரு பெட்டியில் போட்டு, ஊர் வழக்கப்படி ‘வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வாசலில் வைத்தேன். ஃபோல்கே குனிந்து பார்த்தார்.

“என்ன ரகம்?”

“யாருக்குத் தெரியும்? முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. பழம் ஜோரா இருக்கும்.”

“பேரே தெரியாததையா!” சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

அவர் ஏதோ ஒரு பண்ணையைப் பார்வையிடப் போயிருந்த நாளில் சோல்வெய் வந்து இருபது கன்று வாங்கிப்போய்ப் பாத்தியில் நட்டுவிட்டாள். திரும்பி வந்தவர் அத்தனையையும் பிடுங்கி வேலியோரக் குப்பைமேட்டில் வீசினார். “அவசரப்படாதே சோல்வெய். இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் சரியான ரகமா நடுவோம்.” அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நானாக இருந்தால் மண்வெட்டியை எடுத்திருப்பேன்!

இந்த ஜூனில், திருநாளுக்கு முதல் நாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், சோல்வெய் குப்பைமேட்டில் மண்டியிட்டிருக்கிறாள். முட்டை ஓட்டுக்கும் உருளைக்கிழங்குத் தோலுக்கும் நடுவே, வீசின கன்றுகள் வேர் பிடித்து, குப்பையின் சூட்டில் கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடந்தன.

மறுநாள் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மெர்த்தா கேக்கை வாயில் வைத்தாள். வழக்கமான கேள்வி வரவில்லை. இன்னொரு துண்டு கேட்டாள்.

“எங்க கொல்லையில விளைஞ்சது, அக்கா” என்று சோல்வெய் இன்னும் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஃபோல்கே? மூன்றாவது துண்டை முடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷமா நான் தேடின ருசி இதுதான்! என்ன ரகம்னு கண்டுபிடிச்சுட்டா உடனே நட்டுடலாம்.”

“அந்த மேட்டுலேயே நாலு கன்னு எடுத்து நடேன்யா!” என்றேன்.

“பேர் தெரியாமலா?”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஸெஃபீரா, கொரோனாவா, போல்காவா, நம் வீட்டுக்கு எது சரிப்படும் என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்ததே, அதை வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் ஒரு ஃபோல்கே என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும்.